நாற்காலியில் உட்கார்ந்தது யார்

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு மேடைப் பேச்சு வாய்ப்புப் பிடித்துத் தரும் ஏஜெண்ட் அம்மா போன் செய்தார். ஒரு காப்பீட்டு நிறுவனம் என்னைப் பேசக் கூப்பிடுகிறது, முந்நூறு பேர், வியாழக்கிழமை காலை பத்தரை மணி. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்களாம். பேச்சின் நடுவில் நாற்பத்து மூன்று வினாடி மௌனம் இருந்தே தீரவேண்டும்.

"வீடியோல பார்த்த அதே மௌனம் வேணுமாம்மா. கொறைஞ்சா ஒத்துக்க மாட்டாங்களாம்" என்றார்.

பேசுவதற்குத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். பேசாமல் நிற்பதற்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்பத்து மூன்று வினாடியில் உண்மையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. என் அக்கா கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். போனவள் போனவள்தான், நாலு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் போனாள் என்று எனக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் நானே குழம்பிவிடுவேன். பதினாலு வருடம் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஜனங்கள் கத்துவார்கள். இந்தப் பக்கம் நான் படிவத்தில் எண் போடுவேன். எனக்கும் கோபம் மூக்கின் நுனியில்தான் இருக்கும், ஆனால் கவுண்டரில் மட்டும் எப்படியோ அது வராது. ஒருநாள் மேலதிகாரி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கோபக்காரர்களைச் சமாளிப்பது எப்படி என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, இதையே நீங்கள் தொழிலாகச் செய்யலாமே என்றாள். அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக எண் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். வீட்டுக்காரருக்குப் பல்செட் செய்யும் தொழில். கையிலிருந்த மேல்வரிசையை அரத்தால் தேய்த்துக்கொண்டே, "உனக்கு வாய் இருக்கு, பொழைச்சுக்குவே" என்றார். இது பாராட்டா குத்தலா என்று கேட்டேன். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பேச்சாளர் பயிற்சி ஒன்பது வாரம். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் பின்னறையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கும். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். 'முந்தாதே' என்ற பலகைக்குக் கீழே நின்று, நாங்கள் எட்டுப் பேர் முன்னுக்கு வருவது எப்படி என்று கற்றுக்கொண்டோம். பயிற்சியாளர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். நாம் எதை எழுதிக்கொண்டு போனாலும் பாதியை வெட்டிவிடுவார், அதனால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தோம்.

கத்தரிக்கோல் முதல் நாளே எல்லோரையும் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பேச்சைக் கேட்டவர் திங்கட்கிழமை காலையில் எதை மாற்றிச் செய்வார்? திங்கட்கிழமை காலையில் என்ன செய்வதென்று எனக்கே தெரியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இது நல்ல தொடக்க வரி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம்தான். மனசில் பட்டதைச் சொன்னால் உத்தி என்கிறார்கள், யோசித்து உத்தியாகச் சொன்னால் செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள்.

இரண்டாவது வாரம், தகவல் எல்லோரிடமும் இருக்கிறது, உங்களைக் கூப்பிடுவது உங்கள் கதைக்காகத்தான் என்றார். ஆளுக்கொரு சொந்தக் கதை வேண்டும், மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. என்னிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. இருபத்தேழு தடவை எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, கடைசியில் மேடையில் இப்படிச் சொன்னேன்.

எனக்கு ஆறு வயது. அப்பா இறந்து இருபது நாள். அவர் வேலை பார்த்த ஆலையின் குடியிருப்பில்தான் நாங்கள் இருந்தோம். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்குப் பதினைந்து வயது, அடுத்த மாதம் பெரிய பரீட்சை. நானும் அக்காவும் குடியிருப்பு அதிகாரியைப் பார்க்கப் போனோம். அக்கா அவருடைய அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நடுங்கினாள், அழுதாள், 'வா, போயிடலாம்' என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. உள்ளே போய் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. எழுந்திரு என்றார். அக்காவின் பரீட்சை முடிகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். சாப்பிடப் போனார், திரும்பி வந்தார், நான் அதே நாற்காலியில் இருந்தேன். சாயங்காலம் கடிதத்தில் தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்படியே புகார் கவுண்டருக்கு வந்துவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறாரே, அவருக்கும் கால் தரையில் எட்டவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிக்குக் கைதட்டல் நிச்சயம்.

முதன்முதலில் கேட்டபோது வீட்டுக்காரர் மட்டும், ஆறு வயதுப் பிள்ளையை ஆபீஸுக்குள்ளே எப்படி விட்டார்கள் என்று கேட்டார். பல்லைத் தேய்க்கிறவர் பல்லைத் தேய்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அழைப்புகள் வர ஆரம்பித்தன. ஏஜெண்ட் அம்மா ஒரே பேச்சுக்கு மூன்று தலைப்பு வைத்திருந்தார். சிமெண்ட் ஆலைக்குப் போனால் அது பாதுகாப்பு, வங்கிக்குப் போனால் தலைமைப் பண்பு, கல்லூரிக்குப் போனால் தன்னம்பிக்கை. நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவரிடமே கேட்டேன். அது கூப்பிடுகிறவர்களைப் பொறுத்தது என்றார்.

அப்புறம்தான் செவிலியர் சங்கக் கூட்டம் வந்தது. நானூறு பேர், பெரிய அரங்கம், வீடியோ எடுக்கிறார்கள். அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர், செவிலியரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். நான் மேடையில் பேசி அவள் பார்த்ததே இல்லை. கதையைச் சொல்லி முடித்ததும் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். வா என்று மட்டும் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. நல்ல உடை உடுத்திக்கொண்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

'வா, போயிடலாம்' என்ற இடத்துக்கு நான் வந்தேன். அக்கா எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலில் இடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடைபாதைக்கு வந்து, திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வரி என்ன என்பதே மறந்துவிட்டது. கதவு ஆடி ஆடி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் வாய் தானாக "மன்னிச்சிடு" என்றது. எதற்காகச் சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஆறு வயதுக் குழந்தை அழுகிற அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அரங்கமே அழுதது. எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ வீடியோவில் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட, அது ஊரெல்லாம் சுற்றியது. நாற்பத்து மூன்று வினாடி என்று கணக்குப் போட்டவர் கத்தரிக்கோல்தான். போனில் அவருக்குக் குரலே தழுதழுத்தது, இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை என்றார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த மௌனத்தைத்தான் கேட்டார்கள். முதல் தடவை வேண்டுமென்றே நின்றபோது ஒன்பது வினாடிக்கு மேல் தாங்கவில்லை, இருமிவிட்டேன். கத்தரிக்கோல் வழி சொல்லிக்கொடுத்தார். மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டை மெதுவாகச் சொல்ல வேண்டும், பதினாறு வரை போனால் சரியாக நாற்பத்து மூன்று. அப்படியே செய்தேன். ஆறு பதினேழு நூற்றிரண்டு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கு அசிங்கமாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் செய்வேன்.

அக்காவுக்குப் போன் செய்தால் மாமா எடுப்பார். குளிக்கிறாள் என்பார். அரை மணி கழித்துச் செய்தால் இன்னும் குளிக்கிறாள் என்பார். ஒரு மனுஷி இவ்வளவு குளித்தால் தோல் உரிந்துவிடாதா என்று கேட்டேன். மாமா பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது. "விடும்மா, அவளுக்கே தோணும்போது பேசுவா" என்றார். நான் அக்கா வளர்த்த பிள்ளை. அம்மா எழுந்து நடமாட ஒரு வருடம் ஆனது, அதுவரை எனக்குத் தலை வாரிவிட்டது, பாடம் சொல்லிக்கொடுத்தது, அடித்தது எல்லாம் அக்காதான். அவள் என்னோடு பேசாமல் இருக்கும்போது நான் ஊருக்கெல்லாம் பேசி என்ன.

எந்த வரியில் தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அம்மா படுத்திருந்ததை ஊருக்கெல்லாம் சொன்னதாலா? அதை எடுத்தேன். அக்காவின் எலிவால் பின்னலைப் பற்றி ஒரு கிண்டல் இருந்தது, அதையும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்ததும் பேச்சைப் பதிவு செய்து மாமாவுக்கு அனுப்பினேன். அக்கா கேட்டாளா என்று கேட்டால், அவர் அதைப் போட்டதும் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாளாம்.

காப்பீட்டுக்காரர்கள் மௌனத்தோடு நிற்கவில்லை, பேச்சை முழுக்க எழுத்திலும் கேட்டார்கள். அதற்காகப் பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பிரதியைப் பார்த்து எழுதினால் போதும். ஆனால் நோட்டு முதல் பக்கத்தில் திறந்துகொண்டது.

என் கையெழுத்துதான். 'அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என் கால் தரையில் எட்டாமல் ஆடியது. பரீட்சை முடிகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று அக்கா சொன்னாள்.' பக்கத்தில் கத்தரிக்கோலின் சிவப்பு மை. 'மடியில் இருக்கும் குழந்தையை யார் பேசக் கூப்பிடுவார்கள்? நாற்காலிக்கு ஒருவர் போதும்.'

பக்கத்தைத் திருப்பினேன். நாலாவது பிரதியில் நாற்காலியில் நான் மட்டும் இருக்கிறேன், அக்கா என் பின்னால் நின்று பேசுகிறாள். சிவப்பு மை, 'பேசுவது நீங்கள்தான் என்றால் கதையிலும் நீங்கள்தான் பேச வேண்டும்.' ஒன்பதாவதில் நானே பேசுகிறேன். சிவப்பு மை, 'அக்காவுக்கு இங்கே என்ன வேலை? எடுத்துவிடுங்கள், அல்லது எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள்.' எடுக்க மனசு வராமல் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். பதினாலாவதில் அக்கா நடுங்குகிறாள். பத்தொன்பதாவதில் அழுதுகொண்டே 'வா, போயிடலாம்' என்கிறாள். அந்த வரிக்குக் கீழே கத்தரிக்கோல் இரண்டு கோடு போட்டு, 'அபாரம்' என்று எழுதியிருந்தார்.

ஒரே நாளில் இதைச் செய்திருந்தால் திருட்டு என்று எனக்கே தெரிந்திருக்கும். ஒன்பது வாரத்தில், ஒரு நாளைக்கு ஒரு சொல்லாக நடந்திருக்கிறது. கத்தரிக்கோலை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நோட்டை மூடி மேஜைமேல் அடித்தேன். எழுதியது யார் என்று வீட்டுக்காரர் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார். நான்தான். கத்தரிக்கோலுக்கு என் அக்காவைத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. நாற்காலியில் தனியாக உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரெக்சின் கிழிந்து தொடையில் குத்தியது ஞாபகம் இருக்கிறது. அக்கா மடியில் உட்கார்ந்திருந்தால் ரெக்சின் எப்படிக் குத்தும்? என் கண்ணாலேயே பார்த்த மாதிரி இருக்கிற ஒன்றை நான்தான் எழுதி உண்டாக்கினேனா? அப்படியென்றால் வேறு எதையெல்லாம் உண்டாக்கி வைத்திருக்கிறேன்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைப் பிரிவு தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது. உள்ளே நுழைந்ததுமே நீராவியில் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். நீண்ட மேஜை, உலர்த்தும் இயந்திரங்கள், வார்டு எண் அச்சிட்ட விரிப்புகள் தள்ளுவண்டி வண்டியாக. மடிக்கிற பெண் அன்று வரவில்லைபோல, அக்கா தனியாக ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. விரிப்பின் இரண்டு முனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

நாலு விரிப்பு மடித்தோம். ஐந்தாவதில் நோட்டில் பார்த்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தது நீதான், பேசியதும் நீதான், நான் உன் மடியில்தான் இருந்தேன், எல்லாவற்றையும் என் பெயரில் எழுதிக்கொண்டேன், என்னைச் செருப்பால் அடி என்றேன்.

அக்கா விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். "மடியிலயும் இல்லடி. நீ வரவே இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

அன்றைக்கு எனக்குக் கடும் ஜுரமாம். பக்கத்து வீட்டில் என்னைப் படுக்கவைத்துவிட்டுத் தனியாகப் போயிருக்கிறாள். அக்காவுக்குக் கதை சொல்ல வராது. நடுவில் வண்டி வந்தால் எண்ணிப் பார்ப்பாள், விட்ட இடத்தை மறந்து வேறெங்கோ தொடங்குவாள். அதிகாரியின் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டின் நிறத்தைச் சொன்னாள், அது எதற்கு என்று தெரியவில்லை. அவர் சத்தம் போடவே இல்லையாம். எதற்கு வந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வாய் வரவில்லை. முழங்கால் வெலவெலத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திரு என்றார். எழுந்திருக்க முடியவில்லை, கால் நிற்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனவர், அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. மூன்று மணி நேரம் காலி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு அறையைப் பூட்ட வந்த குமாஸ்தா பார்த்து, என்ன என்று கேட்டார். அப்போதும் பேச முடியவில்லை. கடிதத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, எங்கள் வீட்டுக் கோப்பை எடுத்து அலமாரியில் இருந்த கோப்புகளுக்கெல்லாம் அடியில் வைத்தார். "இது மேல வர்றதுக்கு மூணு மாசம் ஆகும் பாப்பா, போய்ப் படி" என்றாராம்.

"பரீட்சை முடியறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னு சொன்னது?" என்று கேட்டேன்.

"அதுவா, அது உனக்குச் சொன்னது" என்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது நான் ஜுரத்தில் கத்திக்கொண்டிருந்தேனாம். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தேனாம். அப்பா போனதிலிருந்து யார் வாசலைத் தாண்டினாலும் அப்படித்தான் கத்துவேனாம். விட்டுவிட்டுப் போகவில்லை, உன்னையும்தான் கூட்டிக்கொண்டு போனேன், ஜுரத்தில் உனக்கு ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கிறாள். நம்பவைக்க வேண்டுமே. உன்னை மடியில் வைத்துக்கொண்டேன், உன் கால் ஆடிக்கொண்டே இருந்தது, அவர் எழுந்திரு என்றார், நாம் ரெண்டு பேரும் மாட்டோம் என்றோம். தினமும் கேட்டேனாம். தினமும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாளாம்.

என்னுடைய மிகச் சிறந்த வரி, கைதட்டல் நிச்சயம் என்று நான் நம்புகிற வரி, அந்தத் தரையில் எட்டாத கால், அக்கா எனக்கு ஜுரத்தில் சொன்ன பொய். நாற்காலி கிழிந்திருந்ததா என்று கேட்டேன். மர நாற்காலி என்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல" என்றேன்.

"நீ நம்பிட்டுச் சந்தோஷமா இருந்தே. எனக்கும் அதுதான் பிடிச்சிருந்துச்சு." அடுத்த விரிப்பை உதறினாள். அவள் குரல் மாறியது. "இல்லாத உன்னை நான் மடியில உட்கார வச்சேன். இருந்த என்னை நீ வாசல்ல நிறுத்திட்டே. வா போயிடலாம்னு நான் சொன்னேனாடி? கால் நிக்கலன்னாலும் நான் அங்கேருந்து போகலையே."

நான் அழுதேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அக்கா சமாதானம் சொல்லவில்லை, முனையை இறுக்கிப் பிடி என்றாள். எல்லா விரிப்பையும் மடித்து முடித்தபோது கை வலித்தது. இடத்தைச் சொல்லி, வியாழக்கிழமை பத்தரைக்கு என் பேச்சைக் கேட்க வருகிறாயா என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்றாள்.

வியாழக்கிழமை சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்ட பையன், ஒன்று இரண்டு சொல்லுங்கள் என்றான். பதினேழு, முப்பத்து நாலு என்றேன். அப்போதும் என்ன பேசப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தது பழைய கதை. ஒப்பந்தம் பழைய மௌனத்துக்கு. மேடையேறிப் பார்த்தால் மூன்றாவது வரிசையில், சலவைப் பிரிவுச் சீருடையோடு அக்கா. எழுந்து போவதற்கு வசதியாக நடைபாதை ஓரத்து நாற்காலி. மடியில் கைப்பை தயாராக இருந்தது.

தொடக்க வரிகள் தானாக வந்தன, சிரித்தார்கள். அப்பா, குடியிருப்பு, கடிதம். எனக்கு ஆறு வயது என்றேன். அந்த இடத்தில் நின்றேன். வாய்ப்பாடு சொல்லவில்லை. அக்கா கைப்பையின் பிடியைப் பிடித்தாள்.

"இதுக்கு மேல நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது பொய்" என்றேன். "அந்த நாற்காலியில நான் உட்காரல. நான் அந்த ரூமுக்கே போகல. ஜுரத்துல படுத்திருந்தேன். போனது என் அக்கா."

யாரோ சிரித்தார்கள், உத்தி என்று நினைத்திருப்பார்கள். நான் செவ்வாய்க்கிழமை கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். பேப்பர் வெயிட்டைச் சொன்னேன், அது எதற்கு என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். கதை எங்கெங்கோ போனது. பின்வரிசையில் போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஏஜெண்ட் அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். என் அக்கா அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை, எனக்கு இந்த வாய் வந்தது அவள் சொன்ன கதையைக் கேட்டுத்தான் என்றேன். குமாஸ்தா நாலு மணிக்கு வந்தார் என்றேன்.

"மூணரை" என்று மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது.

முந்நூறு தலையும் திரும்பியது. அக்கா வெலவெலத்துப் போனாள், பார்க்கவே தெரிந்தது. ஆனால் விடவில்லை. "நாலு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும். அது அதுக்கு முன்னாடி" என்றாள்.

மூன்றரை மணிக்கு என்று திருத்திச் சொன்னேன். கோப்பு, அலமாரி, மூன்று மாதம். அவ்வளவுதான் கதை. திங்கட்கிழமை காலையில் இதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி முடித்தேன். கைதட்டல் வந்தது, எழுந்து நிற்கவெல்லாம் இல்லை. நிறுவனத்து மேலாளர் கைகுலுக்கிவிட்டு, நாங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்தோம் என்றார். ஏஜெண்ட் அம்மா அப்புறம் பேசுவதாகச் சொன்னார், அவர் முகத்தைப் பார்த்தால் பேசுவார் என்று தோன்றவில்லை. விடுப்பு முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. கவுண்டருக்குத் திரும்புவேனா, வேறு மேடை கிடைக்குமா, கிடைத்தால் எதைச் சொல்வேன், ஒன்றும் தெரியாது.

தேநீருக்காகக் கூட்டம் வெளியே போனது. நாற்காலிகளை அடுக்க ஆட்கள் வந்தார்கள். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் இறங்கிப்போய் அவள் முன்னால் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஏண்டி நிக்கறே? மடி காலியாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரையில் நன்றாகவே எட்டியது.